தெருவோரத்தில் வண்டி நிறுத்த மணிக்கு எவ்வளவு கேட்கலாம்?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தி. நகருக்குக் கார் எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும். பாண்டி பஜாரில் ஒரு ரவுண்டு, உஸ்மான் சாலைப் பக்கம் ஒரு ரவுண்டு. அப்புறம் யாராவது கையில் சாவியோடு நடக்கிறாரா என்று பார்த்து, அவர் பின்னாலேயே ஊர்ந்து போவது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து "நூறு ரூபாய் கொடுங்க சார், இதோ இடம்" என்றால் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்போம். அதே இடத்துக்கு மாநகராட்சி பத்து ரூபாய் ஏற்றிவிட்டது என்று மறுநாள் செய்தி வந்தால் கொதித்துப் போவோம். நானும் அப்படித்தான்.

கட்டணத்தை மறுஆய்வு செய்யப் போகிறோம் என்று ஒரு நகர நிர்வாகம் அறிவித்ததும் எல்லோரும் கேட்பது "எவ்வளவு ஏறும்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கட்டணம் எதற்காக? வரி போட்டுக் காசு சேர்க்கவா? கோடு போடவும் பலகை வைக்கவும் ஆள் நிறுத்தவும் ஆகும் செலவை எடுக்கவா? அல்லது வருகிறவருக்கு ஓர் இடமாவது காலியாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவா? மூன்றுக்கும் மூன்று வேறு தொகை வரும். எது நோக்கம் என்று சொல்லாமல் தொகையை மட்டும் அறிவிக்கிற ஊர்களில்தான் சண்டை ஓயாமல் நடக்கிறது.

முதல் பார்க்கிங் மீட்டர் பிறந்ததே மூன்றாவது காரணத்துக்காக. அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் 1930களில் கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்கள் காலையிலேயே வந்து காரைக் கடை வாசலில் விட்டுவிட்டு, சாயங்காலம்தான் எடுப்பார்கள். பொருள் வாங்க வருகிறவருக்கு இடம் இல்லை. வியாபாரிகள் புலம்பினார்கள். கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியர் காசு போட்டால் நேரம் ஓடுகிற ஒரு கருவிக்கு யோசனை சொன்னார். 1935 ஜூலை 16 அன்று அது தெருவில் நின்றது. மணிக்கு 5 சென்ட். எட்டு மணி நேரம் கிடந்த காரை அந்த 5 சென்ட் கிளப்பிவிட்டது. ஒரே காருக்குப் பயன்பட்ட இடத்தில் ஒரு நாளைக்குப் பல கார்கள் வந்து போயின.

அதற்குப் பிறகு ஊர் ஊராக மீட்டர் பரவியது. விலை வைக்கும் முறைதான் கெட்டது. ஊர் முழுக்க ஒரே கட்டணம். அதையும் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை, வரவுசெலவில் துண்டு விழும்போது ஏற்றுவார்கள். காலை ஒன்பது மணிக்குக் காற்று வாங்கும் தெருவுக்கும், மாலை ஏழு மணிக்கு மூச்சு முட்டும் தெருவுக்கும் ஒரே விலை.

இதைத் தலைகீழாகப் போட்டு யோசித்தவர் லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப். 2025 பிப்ரவரியில் காலமானார். "என்ன விலை வைத்தால் எவ்வளவு வருமானம்?" என்று அவர் கேட்கவில்லை. "என்ன விலை வைத்தால் தெருவில் சில இடங்கள் எப்போதும் காலியாக இருக்கும்?" என்று கேட்டார். அவர் சொன்ன கணக்கு, ஏறத்தாழ நூற்றுக்கு 85 இடங்கள் நிரம்பியிருக்கலாம், 15 காலியாக இருக்க வேண்டும் என்பது.

20 கார் நிற்கக்கூடிய ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். 20-ம் நிரம்பியிருந்தால் 21-வதாக வருகிறவர் ரவுண்டு அடிக்க ஆரம்பிப்பார், அவரோடு இன்னும் நான்கைந்து பேர் சேர்ந்துகொள்வார்கள். அந்தத் தெருவில் இரண்டாவது வரிசையில் நிறுத்துவதும், நடைபாதையில் ஏற்றுவதும் அப்போதுதான் தொடங்கும். 10 மட்டும் நிரம்பியிருந்தால் விலை அதிகம் என்று அர்த்தம்: கடைக்கு வரவேண்டியவர்கள் வரவில்லை, இடம் வீணாகக் கிடக்கிறது. 17 நிரம்பி 3 காலியாக இருந்தால் விலை சரி. அவ்வளவுதான் சூத்திரம். 20-ஐ 17 ஆக்க எல்லோரையும் துரத்த வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று பேர் மனம் மாறினால் போதும். ஒருவர் அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடப்பார், ஒருவர் கூட்டம் குறைந்த நேரத்துக்கு வருவார், ஒருவர் இரண்டு மணி நேரம் நிற்பதற்குப் பதிலாக ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக் கிளம்புவார்.

ரவுண்டு அடிப்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். பல்கலைக்கழகத்தை ஒட்டிய வெஸ்ட்வுட் என்ற கடைவீதிப் பகுதியில் ஷூப் ஆராய்ந்தார். அங்கே ஓர் இடம் கிடைக்கச் சராசரியாக மூன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் வெறும் 15 தெருத்துண்டுகள் (ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரை ஒரு துண்டு) கொண்ட அந்தப் பகுதியில் இடம் தேடி மட்டும் கார்கள் ஓடிய தூரம் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். காரணம் எளிது. தெருவோரத்தில் கட்டணம் மலிவு, பக்கத்துப் பார்க்கிங் கட்டடத்தில் அதிகம். அந்த வித்தியாசத்தை மிச்சப்படுத்தத்தான் ஆட்கள் சுற்றினார்கள். (நகரப் போக்குவரத்தில் 30 சதவீதம் இடம் தேடும் வண்டிகளே என்று ஒரு கணக்கு அடிக்கடி கண்ணில் படும். நெரிசல் மிகுந்த சில இடங்களில் மட்டும் நடந்த ஆய்வுகளின் சராசரி அது. எந்த ஊருக்கும் எந்த நேரத்துக்கும் பொருத்திப் பேசக் கூடாது.)

காகிதத்தில் இருந்த இந்த யோசனையைத் தெருவில் இறக்கிப் பார்த்த ஊர் சான் பிரான்சிஸ்கோ. 2011-ல் 'எஸ்எஃப்பார்க்' என்ற பெயரில் தொடங்கினார்கள். ஏழு பகுதிகள், சுமார் 7,000 மீட்டர் இடங்கள்; நகரத்தின் மீட்டர்களில் ஏறத்தாழக் கால்வாசி. ஒவ்வோர் இடத்திலும் தரையில் ஓர் உணரி பதித்தார்கள். மேலே வண்டி நிற்கிறதா இல்லையா என்று அது சொல்லும். சில வாரங்களுக்கு ஒருமுறை அந்தப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு தெருத்துண்டு வாரியாக விலையை மாற்றினார்கள். வார நாளில் மூன்று வேளை, மூன்றுக்கும் தனித்தனி விலை: காலை முதல் 12 மணி வரை, 12 முதல் 3 வரை, 3 முதல் மீட்டர் மூடும் நேரம் வரை.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் வைத்திருந்த விதிதான். யார் வேண்டுமானாலும் படித்துப் புரிந்துகொள்ளலாம். 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் மணிக்கு 25 சென்ட் ஏறும். 60 முதல் 80 வரை என்றால் மாற்றம் கிடையாது. 30 முதல் 60 வரை என்றால் 25 சென்ட் இறங்கும். 30-க்கும் கீழே என்றால் 50 சென்ட் இறங்கும். எவ்வளவு இறங்கினாலும் 25 சென்டுக்குக் கீழே போகாது, எவ்வளவு ஏறினாலும் 6 டாலரைத் தாண்டாது. விலையை எந்தக் கவுன்சிலரும் தொடுவதில்லை. விதியை ஒருமுறை அங்கீகரித்ததோடு அரசியல் முடிந்தது. 'என் வார்டில் மட்டும் ஏன் ஏற்றினாய்' என்று கேட்டால், 'தெரு நிரம்பியிருந்தது' என்பது பதில்.

பெயர் மாற்றிக் கொள்ளையடிக்கப் போகிறார்கள் என்றுதான் ஊர் நினைத்தது. 2014-ல் மதிப்பீடு வெளிவந்தபோது சோதனைப் பகுதிகளில் சராசரி மீட்டர் கட்டணம் மணிக்கு 11 சென்ட் குறைந்திருந்தது, 2.69 டாலரிலிருந்து 2.58 டாலருக்கு. நகரத்துக்குச் சொந்தமான பார்க்கிங் கட்டடங்களில் 42 சென்ட் குறைந்தது. சில தெருக்களில் மாலை விலை கணிசமாக ஏறியது உண்மை. ஆனால் பழைய ஒரே விலை, காலை நேரங்களுக்கும் பக்கத்துச் சந்துகளுக்கும் தேவைக்கு மேல் இருந்திருக்கிறது, அது இறங்கியது. இடம் தேடுவதாக மக்கள் சொன்ன நேரம் 43 சதவீதம் குறைந்தது. திட்டம் இல்லாத, ஒப்பீட்டுக்காக வைத்திருந்த பகுதிகளில் அது 13 சதவீதம்தான் குறைந்தது. மீட்டர் அபராதச் சீட்டுகளும் 23 சதவீதம் குறைந்தன. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று இருந்த உச்சவரம்பைத் தளர்த்திவிட்டார்கள், கார்டில் காசு கட்டலாம் என்றார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து மீட்டருக்கு ஓட வேண்டிய அவசியம் போனது.

பதித்த உணரிகள் நிலைக்கவில்லை. பேட்டரி தீர்ந்துகொண்டே வர, 2013 இறுதியில் அணைத்துவிட்டார்கள். அதன் பிறகு மீட்டரில் விழும் காசை வைத்தே தெரு எவ்வளவு நிரம்பியது என்று கணித்தார்கள். காசு கட்டாமல் நிற்பவர்களும், மாற்றுத்திறனாளி அட்டை உள்ளவர்களும் அந்தக் கணக்கில் நேரடியாகத் தெரியமாட்டார்கள், அதற்கு ஒரு திருத்தம் போட்டுக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் அந்த அட்டை இருந்தால் மீட்டருக்குக் காசு கட்ட வேண்டாம். அட்டையைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம். காசு கட்டாமல் நாள் முழுக்க நிற்கும் வண்டியை எந்த விலையும் அசைக்காது. ஆனாலும் 2018-ல் இந்த முறையை நகரத்தின் எல்லா மீட்டர்களுக்கும் விரித்தார்கள்.

அதே ஊரில் விலைக் கணக்கு சரியாக இருந்தும் தோற்ற கதை ஒன்றும் உண்டு. 2013 ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமையும் மீட்டர் ஓடத் தொடங்கியது. கடைத்தெருக்களில் காலி இடம் ஏறத்தாழ இரட்டிப்பானது என்று ஆண்டு இறுதியில் போக்குவரத்து நிறுவனமே கணக்குக் காட்டியது. 2014 ஜூலையில் ஞாயிறு மீட்டர் நிறுத்தப்பட்டது. ஞாயிறு என்றால் இலவசம் என்பது பழகிப்போன சலுகை. பழகிய சலுகையைத் தொட்டால் என்ன நடக்கும் என்று எந்த மேயருக்கும் தெரியும்.

மீட்டர் இத்தோடு இருக்கட்டும். குடியிருப்போர் பெர்மிட்டுக்கு வருவோம். இது நம் ஊரில் அவ்வளவாகப் பழக்கமில்லாத சமாச்சாரம், ஆனால் வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்களைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். கடைத்தெருவுக்குப் பக்கத்தில் வீடு. கடைக்கு வருகிறவர்கள், அலுவலகம் போகிறவர்கள் எல்லாம் வீட்டு வாசலில் காரை விட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால் இந்தத் தெருவாசிகள் மட்டும் நிறுத்தலாம், அல்லது வெளியார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று ஒரு மண்டலம் வரைந்து, அங்கே குடியிருப்பவர்களுக்கு அட்டை கொடுப்பார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் கவுண்டியில் இப்படி ஒரு விதி வந்து, அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977-ல் நீதிமன்றம் அது செல்லும் என்றது. சான் பிரான்சிஸ்கோவில் 1976-லிருந்தே பெர்மிட் உண்டு.

பெர்மிட் வாங்கினால் இடம் நிச்சயம் என்று புதிதாகக் குடியேறியவர்கள் நினைப்பார்கள். கிடையாது. தேடும் உரிமைதான் கிடைக்கும், நம் ரயிலில் முன்பதிவில்லாத டிக்கெட் போல. ஒரு மண்டலத்தில் 300 இடம் இருந்து 450 பெர்மிட் கொடுத்தாலும் யாரும் தடுப்பதில்லை. பல ஊர்களில் பெர்மிட் எண்ணிக்கைக்கு உச்சவரம்பே இல்லை. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர், காசு கட்டியும் ரவுண்டு அடிக்கிறார்.

காரணம் விலை. மூலையில் மீட்டர் மணிக்கு இரண்டு மூன்று டாலர் கேட்கும்போது, சான் பிரான்சிஸ்கோவில் 2020 வாக்கில் பெர்மிட் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 டாலர்தான். ஒரு நாளைக்கு அரை டாலர்கூட இல்லை. ஒரு கார் நிற்க 130 சதுர அடிக்குக் குறையாமல் இடம் வேண்டும். அந்த ஊரில் 130 சதுர அடி அறைக்கு என்ன வாடகை என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் கராஜ் இருந்தும், அதைத் தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையாக்கிவிட்டுக் காரைத் தெருவில் விடுவது ஏன் லாபம் என்று புரியும். நகரம் நினைத்தாலும் இதை ஏற்ற முடியாது. திட்டத்தை நடத்த ஆகும் செலவுக்கு மேல் பெர்மிட்டுக்கு வசூலிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆக ஒரே தெருவில், மீட்டருக்கு விலை வைப்பது 'காலி இடம்' என்ற நோக்கம். பெர்மிட்டுக்கு விலை வைப்பது 'செலவை எடுப்பது' என்ற நோக்கம். தொடக்கத்தில் சொன்ன மூன்றில் இரண்டு இங்கே பக்கத்துப் பக்கத்தில் நின்று முறைத்துக்கொள்கின்றன.

முதல் நோக்கமான காசு சேர்ப்பது என்ன ஆகும் என்பதற்கு வடக்கு லண்டனின் பார்னெட் நல்ல பாடம். 2011-ல் அந்த உள்ளாட்சி, முதல் காருக்கான ஆண்டுப் பெர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100 ஆக்கியது. வீட்டுக்கு வரும் விருந்தாளியின் காருக்குக் கொடுக்கும் சீட்டு 1 பவுண்டிலிருந்து 4 ஆனது. ஒரு குடியிருப்பாளர் வழக்குப் போட்டார். 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உயர்வு சட்டவிரோதம் என்றது. அங்கே பார்க்கிங் கட்டணத்துக்கு அடிப்படை 1984-ம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம். அது போக்குவரத்தை ஒழுங்கு செய்யக் கொடுத்த அதிகாரம், வரி போடக் கொடுத்த அதிகாரம் அல்ல. ஒழுங்கு செய்யப் போய்த் தற்செயலாக உபரி வந்தால், அதைச் சட்டம் சொல்கிற போக்குவரத்துப் பணிகளுக்குச் செலவிடலாம். உபரி வரவேண்டும் என்று திட்டமிட்டே விலை வைக்கக் கூடாது. பார்னெட் அந்தக் காசை வேறு சாலைச் செலவுகளுக்கு எதிர்பார்த்தே விலையை ஏற்றியிருந்தது. ஆகவே இங்கிலாந்தில் எந்த உள்ளாட்சி கட்டண மறுஆய்வு அறிக்கை எழுதினாலும் 'நெரிசல்', 'காற்று மாசு' என்ற சொற்கள் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். உண்மையிலேயே அதுதான் நோக்கமா என்று அறிய அடுத்த பக்கங்களைப் புரட்ட வேண்டும். எந்தத் தெரு எந்த நேரத்தில் எவ்வளவு நிரம்புகிறது என்ற அட்டவணை இருக்கிறதா, வருமான மதிப்பீடு மட்டும் இருக்கிறதா?

வருமானத்தை மட்டும் பார்த்து மாட்டிக்கொண்டதில் சிகாகோவை மிஞ்ச ஆளில்லை. 2008 டிசம்பரில், ஊரின் சுமார் 36,000 மீட்டர்களை 75 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் முதலீட்டுக் குழுவிடம் ஏறத்தாழ 115 கோடி டாலருக்குக் குத்தகை விட்டார்கள். மாமன்றம் அதைப் படித்துப் பார்க்கச் சில நாட்கள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே நகரத்தின் தணிக்கைத் தலைமை ஆய்வாளர், குறைந்தது 97 கோடி டாலர் குறைத்து விற்றுவிட்டீர்கள் என்று அறிக்கை கொடுத்தார். காசு போனதைவிடப் பெரிய இழப்பு, தெருவே கைவிட்டுப் போனது. மீட்டர் இடத்தை எடுத்து மிதிவண்டிப் பாதை போடவோ, விழாவுக்குத் தெருவை மூடவோ நினைத்தால் நிறுவனத்துக்கு ஈடு கட்ட வேண்டியிருக்கிறது. அந்த 75 ஆண்டும் முடியும் வரை.

விலையை நேரத்தைப் பொறுத்து மட்டும்தான் மாற்ற வேண்டுமா? பாரிஸ் வண்டியின் எடையைப் பார்க்கிறது. 2024 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களிக்க வந்தவர்கள் 6 சதவீதம்கூட இல்லை, வந்தவர்களில் 54 சதவீதம் பேர் சரி என்றார்கள். அந்த அக்டோபர் முதல், 1.6 டன்னுக்கு மேற்பட்ட காரை, மின்சாரக் கார் என்றால் 2 டன்னுக்கு மேற்பட்டதை, நகர மையத்தில் நிறுத்த வெளியூர்க்காரருக்கு மணிக்கு 18 யூரோ. பாரிஸில் குடியிருப்பவர் தன் பகுதியில் நிறுத்தினால் இது கிடையாது. ஓட்டுப் போடுகிறவருக்கு விலக்கு, போடாதவருக்கு மும்மடங்கு என்று கேலி பேசியவர்கள் உண்டு. கேலியில் நியாயமும் உண்டு.

கட்டணம் என்னவாக இருந்தாலும், ஒரு சிறு கணக்கைப் போட்டுவிட்டுத்தான் எந்த அறிக்கையையும் நம்புவேன். மணிக்கு 20 ரூபாய் கட்டணம், கட்டாவிட்டால் 500 ரூபாய் அபராதம் என்று வைத்துக்கொள்வோம். சோதனை செய்கிறவர் 50 தடவைக்கு ஒரு தடவைதான் வருகிறார் என்றால், கட்டாமல் நிற்பதன் உண்மையான விலை சராசரியாக 10 ரூபாய். கட்டுகிறவர் 20 கொடுக்கிறார், ஏமாற்றுகிறவர் 10 கொடுக்கிறார். இந்த ஊரில் கட்டணத்தை 40 ஆக்கினால் தெரு காலியாகாது, கட்டுகிறவர்கள் குறைவார்கள். அங்கே திருத்த வேண்டியது விலைப் பலகையை அல்ல. அபராதத்தை 5,000 ஆக்குவதைவிட, ஐந்து தடவைக்கு ஒரு தடவையாவது ஆள் வருவது மேல். அபராதம் எவ்வளவு பெரிதானாலும், வராத ஆளுக்கு யாரும் பயப்படுவதில்லை.

வந்த காசு எங்கே போகிறது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. கட்டணத்தை எதிர்ப்பவர்களின் மனத்தை மாற்றியது பெரும்பாலும் இதுதான். கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் பழைய கடைவீதி ஒரு காலத்தில் பாழடைந்து கிடந்தது. அங்கே மீட்டர் கிடையாது. மீட்டர் வைக்கலாம் என்றபோது, இருக்கிற நாலு வாடிக்கையாளரும் ஓடிவிடுவார்கள் என்று கடைக்காரர்கள் இரண்டு வருடம் மல்லுக்கு நின்றார்கள். உண்மையில் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றவை பல சமயம் அவர்களுடைய, அவர்கள் கடைப் பணியாளர்களுடைய வண்டிகள்தான். கடைசியில் நகரம் ஒரு சமரசம் சொன்னது: இந்த வீதியின் மீட்டரில் விழும் காசு முழுவதும் இந்த வீதிக்கே. 1993-ல் மணிக்கு 1 டாலர் கட்டணத்தில் மீட்டர் வந்தது. வரப்போகும் வருமானத்தை நம்பி நகரம் 50 லட்சம் டாலர் கடன் வாங்கி நடைபாதை போட்டது, மரம் நட்டது, விளக்கு வைத்தது, பின்சந்துகளைச் சுத்தப்படுத்தியது. இரண்டு வருடம் சண்டை போட்ட அதே கடைக்காரர்கள், மீட்டர் நள்ளிரவு வரைக்கும் ஓடட்டும், ஞாயிற்றுக்கிழமையும் ஓடட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள்.